தண்ணீர் அளந்து குடித்த மாங்காய்க் காலம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஆந்திராவில் பிச்சாட்டூர் பக்கத்தில் எங்கள் ஊர் மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு நான் தமிழில் படித்தது வேதாகமம் ஒன்றுதான். கடையிலும் ஆபீசிலும் எல்லாம் தெலுங்கு. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவும் எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். திருப்பதி ஆஸ்பத்திரி நடையில், சிறுநீரகம் கெட்டுப்போனது என்று இன்றுதான் தெரிந்துகொண்டு, நிலத்தை என்ன செய்வது என்று உட்கார்ந்திருப்பவருக்காக இது.

எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது செருப்பு. போன வருடக் கோடையில், சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வாரின் தடம் காலில் பள்ளமாக நின்றது. நாள் முழுக்க வெயிலில் நின்றதால் வந்த வீக்கம் என்று நினைத்தேன். என் மனைவி எஸ்தர் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டாள். பிறகு சோறு வாயில் இரும்பாக ருசித்தது. மழைக்காலத்தில் மாட்டுக்கு ஒரு கட்டுப் புல் தூக்கிவருவதற்குள் மூச்சு வாங்கியது.

திருப்பதியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு, ரத்தத்திலேயே தங்கினால் கூடும்) மிக அதிகம். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கியிருந்தன. ரத்தக் கொதிப்பு பல வருடமாக இருந்திருக்கும், நான் ஒருநாளும் பார்த்துக்கொள்ளவில்லை. இனி வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் (எந்திரம் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்து, மிகுந்த நீரையும் எடுப்பது) என்றார் டாக்டர் அம்மா.

"மாங்கா சீசனுக்குள்ள சரியாயிடுமா மேடம்?" என்று கேட்டேன்.

"இது சரியாகிற நோய் இல்லை. கூடவே வைத்துக்கொண்டு வாழ்கிற நோய்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் ஊசி நாள் ஆனது. முதல் பஸ்ஸில் போய், பொழுது சாய்ந்து திரும்புவேன். அப்படியே ஈஸ்டர் வந்தது. எஸ்தரின் அண்ணன் சாலமோன் வந்தார். திருப்பதியில் ஆட்டோ உதிரி பாகக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், சத்தம் கொஞ்சம் அதிகம்.

"மாப்ள, மாட்ட வித்துடு. தோப்ப குத்தகைக்கு உட்டுடு. எங்க மாடி ரூமு காலியாத்தான் கீது. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடலாம்."

"தோப்ப யாரு பாக்கறது மச்சான்?"

"இப்ப நீயா பாக்கற? தோப்புதான் உன்ன பாத்துக்கினு கீது."

எஸ்தர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் கிரேஸும் சிரித்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து மச்சான் சொன்னதற்கு நான் மறுபேச்சு பேசியதில்லை. அன்று பேசினேன்.

"இந்த மாங்கா முடியற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி. ஆனா ஊசி நாள் இல்லாம ஒரு தபா நீ ஆஸ்பத்திரில வந்து படுத்தன்னு வையி, அதோட மூட்டய கட்டிக்கினு வந்துடணும். எஸ்தரு, நீதான் சாட்சி."

"நான் சாட்சி சொல்ல இன்னா கோர்ட்டாணா இது?" என்றாள் அவள். ஆனால் ஒப்புக்கொண்டாள். அவளுக்கும் பயம் இருந்தது.

கோடை முழுவதும் எங்கள் வீடு ஒரு சிறு தொழிற்சாலை. இரண்டு மாடு, கோழிகள், பெங்களூரா (கிளிமூக்கு மாங்காய்) மாந்தோப்பு. விடியற்காலையில் பால் கறக்க வேண்டும். உதிர்ந்த மாங்காயைப் பொறுக்கி ஆவக்காய் ஊறுகாய் போட வேண்டும். பழுத்ததைப் பிழிந்து பாயில் பூசிப் பூசித் தாண்ட்ரா (மாம்பழச் சாறை வெயிலில் அடுக்கடுக்காகக் காயவைத்தது) எடுக்க வேண்டும். வேலைகளைப் பிரித்துக்கொண்டோம். தூக்கும் வேலை எனக்கு இல்லை. உட்கார்ந்த வேலை எல்லாம் என்னுடையது. மாங்காய் வெட்டினேன். காய் பறிக்கும் கழியில் வலைப்பை கட்டிக்கொடுத்தேன். அடிபட்ட காயை ஒதுக்கினேன்.

மாம்பழம் எனக்கு ஆகாது. பொட்டாசியம் (பழங்களில் அதிகம் உள்ள உப்புச்சத்து; ரத்தத்தில் கூடினால் இதயம் நின்றுவிடலாம்) அதில் அதிகம். இளநீரும் ஆகாது. மாந்தோப்புக்காரன் மாம்பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைப்பதைப் பார்த்து, காய் பறிக்க வந்த பெண்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள். "இன்னாணா, மரத்துக்கு பூஜ பண்றியா?" என்று பிறகு கிண்டல் செய்தார்கள். பரிதாபத்தைவிடக் கிண்டல் எனக்குப் பிடித்திருந்தது.

பழத்தைவிடக் கஷ்டம் தண்ணீர். எனக்குச் சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. குடிப்பது எல்லாம் உடம்பிலேயே நிற்கும், மிகுந்த நீர் வழிந்தோடக் கலங்கல் இல்லாத ஏரி மாதிரி. நாளைக்கு ஒரு பாட்டில், அதற்கு மேல் கூடாது. சித்திரை வெயிலில் தோப்பில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு பாட்டில். நான் செய்ததைச் சொல்கிறேன். வாய் கொப்பளித்துத் துப்பினேன். ஈரத்துண்டைப் பிடரியில் போட்டுக்கொண்டேன். ஒரு மடக்கை வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினேன். பாட்டிலுக்கு வெளியே ஒரு சொட்டு நான் தொடவில்லை. கர்த்தர் அறிவார்.

ஆனாலும் ஊசி நாளில் எடை பார்த்தால், இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாக இருந்தது.

"நீள்ளு எந்த தாகுதுன்னாவய்யா?" என்று டாக்டர் அம்மா கேட்டார். எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்று.

"ஒரு பாட்டில்தான் மேடம்."

"எடை பொய் சொல்லாது" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டேன். அடுத்த முறையும் அதே பேச்சு. பொய்யன் என்ற பெயரோடு அந்த எந்திரத்துக்கு அருகில் படுத்திருப்பது ஊசியைவிட வலித்தது. வீட்டுக்கு வந்து பாட்டிலில் இன்னும் குறைத்தேன். உதடு வெடித்தது. எடை குறையவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிறு. கோயில் ஆராதனை முடிந்து, வேட்டியை மாற்றிக்கொண்டு தோப்புக்குப் போனேன். உச்சி வெயிலில் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. படுத்தால் மூச்சு இல்லை. உட்கார்ந்தாலும் பாதி மூச்சுதான்.

"நைனா, உதடு நீலமா கீது நைனா!" என்று கிரேஸ் கத்தினாள். காய் ஏற்ற வந்த வண்டியிலேயே என்னைத் திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் நீர் சேர்ந்திருந்தது. உடனே எந்திரத்தில் போட்டார்கள்.

கண் தெளிந்தபோது கால்மாட்டில் மச்சான் நின்றிருந்தார். ஒப்பந்தத்தில் நான் தோற்றுவிட்டேன்.

டாக்டர் அம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்தார். இந்த முறை தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. "காலையில் எழுந்ததிலிருந்து வாய்க்குள் போனதை எல்லாம் வரிசையாகச் சொல்" என்றார்.

"காலைல கூழு. பதினோரு மணிக்கு கொஞ்சம் கூழு..."

"கூழா? எப்படி இருக்கும்?"

எஸ்தர்தான் விளக்கினாள். "கேவுருமாவு கரைச்சி காச்சி, மோர் ஊத்தி, வெங்காயம் போட்டு. வெயிலுக்கு அதான் மேடம் சாப்பாடு. இவருக்கு தெம்பு வேணும்னு ரெண்டு சொம்பு குடுப்பேன்."

"ரெண்டு சொம்பா? அம்மா, அது முக்கால்வாசித் தண்ணீர்!"

"சாப்பாடு மேடம் அது" என்றேன் நான். உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தேன். எங்கள் பக்கம் தோப்பு வேலைக்குப் போகிறவன் கோடை முழுக்கக் கூழில்தான் நிற்கிறான். அதைத் தண்ணீர்க் கணக்கில் யாரும் சேர்த்ததில்லை. நான் பாட்டிலில் குறைத்தபோதெல்லாம், பாவம் காய்ந்து போகிறாரே என்று எஸ்தர் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றியிருக்கிறாள்.

டாக்டர் அம்மா என் கையைத் தட்டினார். "நீ பொய் சொல்லவில்லை. நான்தான் சரியாகக் கேட்கவில்லை" என்றார். ரசம், மோர், கஞ்சி, ஐஸ், எல்லாம் தண்ணீர்தான் என்றார். கேழ்வரகுதான் வேண்டுமென்றால் களியாகக் கிண்டி, எப்போதாவது ஒரு சிறு உருண்டை. வாசகரே, வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பாத்திரத்தில் ஊற்றினால் ஓடுகிறது எதுவோ, அது தண்ணீர்.

எஸ்தர் நடையில் போய் அழுதாள். மச்சான் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, பேச்சு பேச்சுதான்."

வார்டு முழுக்கக் கேட்கும்படி நான் பேசினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

"தப்பு சட்டில மச்சான், நெலத்துல இல்ல. சட்டிய மாத்திக்கறேன். நெலத்த மாத்த மாட்டேன். உங்க மாடி ரூம்ல குந்திக்கினு இருந்தாலும் உங்க தங்கச்சி எனக்கு கூழுதான் ஊத்தியிருப்பா."

எதிர்க்கட்டில் பெரியவர் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. நடைக்குப் போய்த் தங்கையிடம் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார்.

"சரி வா. மீதி மாங்காய நானே நின்னு எறக்கறேன். நீ நெழல்ல குந்தியிரு. மறுபடி நீலமானன்னா உன்ன தூக்கி சாக்குல போட்டு எடுத்துக்கினு போயிடுவேன்."

கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்து நின்றார். கழியைத் தலைகீழாகப் பிடித்தார், காயைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார். "அண்ணா, அது மாங்கா, ஆட்டோ டயர் இல்ல" என்று எஸ்தர் சத்தம் போட்டாள். எனக்கு எடை ஏறவில்லை. ஊசி நாளில் டாக்டர் அம்மா எடையைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

கடைசி வண்டி போய்விட்டது. மாடி அறையை வாடகைக்கு விட்டுவிட்டதாக மச்சான் போனில் சொன்னார்.

நான் குணமாகவில்லை, அதை மறைக்க மாட்டேன். வாரத்தில் இரண்டு நாள் எந்திரத்துக்குச் சொந்தம். முன்பெல்லாம் ஏழு நாளும் எனக்கு இருந்தன, ஒன்றையும் நான் கவனித்ததில்லை. இப்போது மிச்சம் இருக்கும் ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் செலவு செய்கிறேன். என் உடம்பும் அப்படித்தான். எங்கே நீர் நிற்கிறது, எங்கே வற்றுகிறது என்று காலை அழுத்தியே சொல்லிவிடுவேன்.

இன்று மத்தியானம் மழை வந்தது. எஸ்தரும் கிரேஸும் தாண்ட்ராப் பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். நான் களத்து மேட்டிலேயே நின்றுவிட்டேன். தலையில் ஊற்றி, முகத்தில் வழிந்து, உதட்டில் ஓடியது.

"நைனா, உள்ள வா! மழத்தண்ணி குடிச்சிடப்போற!"

வாயை இறுக்கி மூடிக்கொண்டு கையை ஆட்டினேன். மழை விட்ட பிறகுதான் பதில் சொன்னேன்.

"குடிக்கல கண்ணு. நனைஞ்சிக்கினு இருந்தேன்."

2025 ஜூலை 7, திங்கட்கிழமை.