அண்ணன் இல்லாத பனிப் படம்

ஆரணியில் நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பட்டுப் புடவை கட்டிய மணப்பெண்களை எடுத்து எடுத்து, மனித முகமே எனக்குச் சலித்துப்போயிருந்தது. ஆளே இல்லாத படம் ஒன்றை எனக்காக எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி.

எங்கள் பக்கம் பனி கட்டியாக உறையாது. ஆனால் மேகமே இல்லாத தை மாத விடியலில், தேவிகாபுரம் சாலையோர வரப்புப் புல்லெல்லாம் நரைத்துக் கிடக்கும். வெயில் ஏறினால் கால் மணி நேரத்தில் வெறும் ஈரம்தான். போன தையில் அதற்காகக் கிளம்பினேன். என் பைக் ரிப்பேர். அண்ணன்தான் தன் வண்டியில் கூட்டிப்போனான்.

அண்ணன் பட்டுத்தறி நெய்கிறவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் தறிக்குழியில் காலை விட்டால் இருட்டித்தான் எடுப்பான். அன்று குல்லாவைக் காது வரை இழுத்துக்கொண்டு, வாயில் ஆவி வருகிறதா என்று ஊதி ஊதிப் பார்த்தான்.

"டேய், என்னிய ஒண்ணு எடுடா. வெளிச்சம் சூப்பரா வந்துகினு கீது."

"பேஜார் பண்ணாத. பனி போயிடும். அப்பால எடுக்கறேன், ஜல்தி அந்தாண்ட போ."

"குல்லாவ கழட்டிட்டு நிக்கறேன்டா."

"போண்ணா!"

போய்விட்டான். நான் குப்புறப் படுத்துப் புல் நுனியை ஃபோகஸ் செய்தேன்.

படம் அருமையாக வந்தது. வலது ஓரத்தில் மட்டும் தூரத்தில் ஒரு கறுப்பு உருவம். சொன்னால் கேட்கவே மாட்டான் என்று திட்டிக்கொண்டே அந்த ஓரத்தை வெட்டிவிட்டு இணையத்தில் போட்டேன். "இது நம்ம ஊரா?" என்று எல்லாரும் கேட்டார்கள். அண்ணனும் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினான். அப்புறம் எடுக்கிறேன் என்றதை நான் மறந்துபோனேன். அவனும் கேட்கவில்லை.

பங்குனியில், தறியில் உட்கார்ந்திருந்தவன் அப்படியே சாய்ந்தான். மாரடைப்பு.

ஊரில் சாவு விழுந்தால் பேனருக்குப் படம் கேட்டு என் கடைக்குத்தான் வருவார்கள். கும்பலாக எடுத்த பழைய படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, சட்டை மாட்டிக் கொடுப்பேன். அதற்கென்றே கம்ப்யூட்டரில் இருபது சட்டைகள் இருக்கின்றன. அன்று அந்த வேலை எனக்கே வந்தது. வீட்டு விசேஷப் படங்களைத் தேடினேன். எல்லாவற்றிலும் எனக்கு விளக்குப் பிடித்தவன் அவன்தான். ஒன்றிலும் அவன் இல்லை. கடைசியில் அந்தப் பனிப் படத்தை, வெட்டாததை, திறந்து ஓரத்தைப் பெரிதாக்கினேன்.

என்னைப் பார்த்துத்தான் நின்றிருந்தான். பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல விறைப்பாக. குல்லா கையில் இருந்தது. முகம் வெறும் மங்கல். பிணத்தைப் பார்த்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

ஆதார் அட்டையிலிருந்த முகத்தை எடுத்து, நீலச் சட்டை ஒன்றை மாட்டி, பேனர் அடிக்கக் கொடுத்தேன்.

"போட்டோ புடிக்கறவர் வூட்டுலயே ஆதார் படமா?" என்றார் தெருமுனையில் ஒருவர். நான் பேனரின் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.