சட்டத்துக்கு அடியில் போன சாலை

தச்சருக்குத் தெருவில் ‘ஒருநூல்’ என்றுதான் பேர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அவ்வளவு பிசகினாலும் மாட்டின கதவைக் கழற்றிவிடுவார். கீழே பட்டறை, மேலே குடித்தனம். இடுப்பெலும்பு முறிந்த மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து மாடிக்குத் தூக்கிப் போனதோடு சரி, அவள் மண்ணை மிதிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் கழிப்பறையும் கட்டி அவளைக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதே அவருக்கு உயிர்மூச்சாக இருந்தது.

அனுமதி கேட்கப் போன இடத்தில், மாவட்டத் திட்ட அலுவலக எழுத்தர் உதட்டைப் பிதுக்கினார்.

“உங்க பின்பக்கம் புது ரோட்டுல போகுதுண்ணே. இருபது வருஷத் திட்டம். ஒரு செங்கல் வைக்க முடியாது.”

“ரோடு எப்ப வரும்?”

“வரும்போது வரும். வராமலும் போகலாம்.”

“பிள்ளையே பிறக்கல, அதுக்குள்ள என்னைத் தொட்டில் கட்டச் சொல்றீங்களா?”

“மறுப்பு சொல்லத்தானே திட்டப் படத்தை இங்க கூடத்துல மாட்டி வெச்சிருந்தோம்? உங்க தெருவுல ஒருத்தரும் வாய் திறக்கலையே. அந்தப் படத்துக்கு மரச்சட்டம் போட்டதே நீங்கதான்!”

தச்சர் கூடத்துக்கு ஓடினார். சுவர் நிறைய அந்த வரைபடம். வயலுக்குப் பச்சை, வீட்டுக்கு மஞ்சள், சாலைக்குச் சிவப்பு. மாட்டிய அன்றே ஓரத்தில் தன் தெருவைத் தேடிப் பிடித்து, “நம்ம தெரு மஞ்சள்தான், நிம்மதியாத் தூங்குங்க” என்று வீடு வீடாகச் சொன்னவர் அவர்தான். ஒருநூல் சொன்னால் அளந்து சொன்ன மாதிரி என்று எவரும் வந்து பார்க்கவில்லை.

இப்போதும் மஞ்சள்தான். சிவப்பைக் காணோம். சட்டத்தின் ஓரத்தை விரலால் தடவினார். படத்தை இறக்கிக் கவிழ்த்து, ஆணிகளை நெம்பினார். எந்தப் படமானாலும் விளிம்பின் கோணல் தெரியாதிருக்கச் சட்டம் அரை அங்குலம் கவ்வ வேண்டும். அது அவர் தொழில்முறை. இவர்களோ ஓரம் விடாமல் அச்சடித்திருந்தார்கள். சட்டம் கவ்வியிருந்த இடத்தில், தெருவின் முதுகோடு முதுகாகச் சிவப்புக் கோடு ஓடியது.

சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார்.

“மறைச்சது என் சட்டம் சார். என்னை என்ன வேணா செய்ங்க. தெருவை விட்டுடுங்க.”

“உள்ளேயும் ஒரு படம் இருந்தது. கேட்டிருந்தா காட்டியிருப்போம். இனிமே அடுத்த திருத்தத்துலதான், அஞ்சு வருஷம் ஆகும்.”

“அதுவரைக்கும் அவ படி இறங்கக் கூடாதா சார்?”

அதிகாரி தரையில் கிடந்த படத்தைக் காட்டினார். “அதை எடுத்து மாட்டிட்டுப் போங்க” என்றார்.

விளிம்பு முழுக்கத் தெரியும்படி சட்டத்தைச் செதுக்கி மாட்டிவிட்டு வந்தார் தச்சர். தெருமுனையில் தையல்காரர், “என்ன ஒருநூலு, நம்ம மஞ்சள் சௌக்கியமா?” என்று சிரித்தார். மகளுக்குப் பின்பக்கம் வீடு கட்ட மணல் இறக்கியிருந்தார். தச்சர் மணலைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

பட்டறையை வேலைமேசை அடைத்திருந்தது. உள்ளேயே வைத்துக் கட்டியது, வாசல் வழியாக வராது. அவள் கட்டில் இங்கே இறங்க வேண்டுமானால் மேசை போக வேண்டும். மேசை போனால் அடுப்பு அணையும். ரம்பத்தை எடுத்தார்.

“என்ன, அனுமதி கிடைச்சிடுச்சா?” மாடியிலிருந்து அவள் குரல். “அதுக்குள்ள வேலையை ஆரம்பிச்சிட்டீங்க?”

“ஆமா” என்றார்.

அளக்கவுமில்லை, கோடு போடவுமில்லை. மேசையின் நடுவில் ரம்பத்தை வைத்து இழுத்தார்.