ஞானப்பிரகாசத்துக்கு நான் தேர்ந்தெடுத்த ஆண்டெனா

என்னை நம்பிய ஒருவரிடம் தெரிந்தே பொய் சொன்னேன், ஒரு கம்பிக்காக. போன வாரம் மருமகன் புதுக் காரைக் காட்டினார். கூரையில் மீன் துடுப்பு மாதிரி ஏதோ முளைத்திருந்தது. “ஆண்டெனா மாமா” என்றார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். கார் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பார், பாவம்.

தொண்ணூறுகளில் எங்கள் கார்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கூரை நடுவே காந்தத்தின் மேல் கம்பி ஆடும். மரக்கிளை உரசினால் பாடும். பெட்ரோல் பங்க்கில், “போலீஸா சார்?” என்பார்கள். இல்லை என்று சொல்ல மனமே வராது.

வீட்டிலிருந்தே ரேடியோவில் பிறரோடு பேச உரிமம் தரும் அமெச்சூர் ரேடியோ பரீட்சையில் நானும் ஞானப்பிரகாசம் மாஸ்டரும் ஐம்பது வயதில் ஒன்றாகத் தேறினோம். அவர் ஜீவனஹள்ளியில் கணக்கு வாத்தியார். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டின் இரு முனைகளில் நின்று கையடக்க ரேடியோவில், “கேக்குதா? கேக்குதா?” என்று கத்தினோம். ரேடியோ இல்லாமலே கேட்டிருக்கும்.

அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து எங்களுக்காக இரண்டு ஆண்டெனா கொண்டுவந்தார். இரண்டுமே எங்கள் இருவர் ரேடியோவுக்கும் பொருந்தும். ஒன்று முழங்கை நீளம். மற்றது இடுப்புயரம், அப்படியொரு பளபளப்பு.

“சார், நீங்க இன்ஜினியர். எனக்கு எது சரின்னு சொல்லுங்க.”

மர்பி டவுனில் மேட்டு வீட்டில் இருந்த எனக்குக் குட்டை போதும். பள்ளத்தில், கட்டடங்களுக்கு நடுவே இருந்த அவருக்குத்தான் நெட்டை வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

“புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குக் குட்டைதான் மாஸ்டர். நெட்டை மரத்துல மாட்டும்.”

நானும் புதுசுதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை ஊரிலுள்ள ரேடியோக்காரர்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவோம். ஒருவர் பெயர் கூப்பிட, முறை வைத்துப் பேசுவோம். மாஸ்டருக்கு எங்கள் குரல் தெளிவாகக் கேட்கும். அவர் பேசினால் எங்களுக்கு அப்பளம் நொறுங்கும் சத்தம்தான். “யாரோ இருக்காங்க, புரியல, நெக்ஸ்ட்” என்று தாண்டிவிடுவார்கள். காரை விட்டு மொட்டை மாடிக்கு மாறினார். காந்தத்துக்கு அடியில் இரும்பு வேண்டுமே, தோசைக்கல்லைத் தூக்கிப்போனார். பூசை முடிந்து வந்த அவர் மனைவி படிக்கட்டில் நின்று கேட்டார்: “ஏங்க, இன்னைக்கும் அதுலதான் பாட்டு கேக்கணுமா, இல்ல மாவு ஊத்தலாமா?”

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மூன்று மாதம் சிரித்தேன்.

ஒரு நாள் மாஸ்டர் சொன்னார்: “என் ராசி அவ்வளவுதான் சார். ரேடியோவ வித்துடறேன்.”

அடுத்த ஞாயிறு என் முறை வந்ததும், ஊரே கேட்க, செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அழுத்திப் பேசிய பட்டனை விட்டேன். அப்பளம் நொறுங்கியது, வெகுநேரம். திட்டுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. நெட்டையைத் தூக்கிக்கொண்டு ஜீவனஹள்ளிக்கு ஓடினேன்.

“என்ன சொன்னீங்க மாஸ்டர்?”

“அத இங்க சொல்ல முடியாது சார். வீட்ல பொம்பளைங்க இருக்காங்க.”

“எழுதிக் குடுத்ததே நான்தான்” என்றார் அவர் மனைவி உள்ளேயிருந்து.

அதற்கடுத்த வாரம் அவர் குரல் கணீரென்று வந்தது. கால்மணி நேரம் பேசினார். வேறு யாருக்கும் முறை வரவில்லை, யாரும் தங்கள் முறையைக் கேட்கவுமில்லை.

பிறகு செல்போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மெலிந்து நின்றே போனது. மாஸ்டர் கடைசிவரை என் வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், சிரித்தார். ஆனால் முதல் செல்போன் வாங்கப் போகும்போது, “தம்பி, எது நல்லதுன்னு நீ வந்து சொல்லுப்பா” என்று என் மகனைக் கூப்பிட்டார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.