கேசரம் இல்லாத செவ்வரத்தை

எங்கள் விசுவமடு வளவில் நின்ற அடுக்குச் செவ்வரத்தைக்கு, அதாவது அடுக்குச் செம்பருத்திக்கு, ஊரில் நல்ல மதிப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் நட்டு வளர்க்க ஒரு தடி முறித்துக்கொண்டுதான் போவார்கள். ஏழாம் ஆண்டில் படிக்கும்போது, மாங்குளத்து விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு பூவைப் பிரித்து மட்டையில் ஒட்டிக் கொண்டுவரச் சொன்னார்கள். வேறு பூவை நான் திரும்பியும் பார்க்கவில்லை. முதற்பரிசு எனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

விடியக் காலையில் பிரிக்க உட்கார்ந்தால், இதழ் வந்தது, இன்னொரு இதழ் வந்தது, இதழ்தான் வந்துகொண்டே இருந்தது. மகரந்தம் தாங்கும் கேசரம் ஒன்றுகூட இல்லை. ஒரேயொரு கோணல் இதழின் விளிம்பில் மட்டும் சின்ன மஞ்சள் பொட்டு. மட்டையிலோ ‘கேசரம்’ என்று முதல்நாளே கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டமும் கீறியாயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சித்தப்பா உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எந்தச் சிக்கலுக்கும் குறுக்குவழி வைத்திருப்பவர்.

“இதுக்கே அழுறாய், பிள்ளை? பக்கத்து வீட்டு ஒற்றைச் செவ்வரத்தையிலை நாலைப் புடுங்கி ஒட்டு. பூவிட்டை ஆர் அடையாள அட்டை கேக்கப் போகினம்?”

ஒட்டினேன். கோணல் இதழைப் பாடக் கொப்பித் தாள்களுக்குள் ஒளித்தேன்.

கண்காட்சியில் பக்கத்து மேசை, தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து வந்த முக்காடிட்ட ஒரு பிள்ளைக்கு. அவளுடையதும் அடுக்குச் செவ்வரத்தைதான். கேசரக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள். என் மட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உங்கடையிலை மட்டும் எப்பிடி வந்தது? நான் மூண்டு பூப் பிச்சுப் பாத்தனான்.”

நடுவர் மூன்று மேசை தள்ளி வந்துகொண்டிருந்தார். பொய்யொன்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. ஒட்டிய கேசரங்களைப் பிய்த்தெறிந்துவிட்டு, கொப்பிக்குள் இருந்த கோணல் இதழை எடுத்துக் காட்டினேன். அவள் மஞ்சள் பொட்டைத் தொட்டாள். விரலில் தூள் ஒட்டியது.

“இது கேசரமா வரத்தான் வெளிக்கிட்டிருக்கு. இடையிலை மனம் மாறி இதழாப் போயிட்டுது.”

இருவரும் சிரித்த சிரிப்பில் நடுவர் முறைத்தார். பரிசு இரண்டு பேருக்கும் இல்லை.

இன்று பல்கலைக்கழகத்தில் நான் கற்பிப்பது இதைத்தான். எது இதழாவது, எது கேசரமாவது என்று பூவுக்குள் தீர்மானிப்பவை சில பரம்பரையலகுகள், அதாவது மரபணுக்கள். அவற்றில் ஒன்று தன் இடத்தில் பேசாமல் இருந்துவிட்டால், கேசரமாக வேண்டியது இதழாகிவிடும். இதை விளங்கவைக்க எனக்கு இரண்டு வகுப்பு வேண்டும். அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அன்று பரிசு போச்சே என்று பேருந்தில் விசுவமடு வரை அழுதேன். என் வாழ்நாள் வேலை கொப்பிக்குள் கோணலாகக் கிடந்தது எனக்கு எங்கே தெரியும்?