மடிப்பக்காவிடம் விசாரித்தது

சலவைக் கூடத்தில் அவளுக்கு விறைப்பு என்று பேர். அவள் நடந்து வருவதைப் பார்த்தால் கஞ்சி போட்ட துணி எழுந்து வருகிற மாதிரி இருக்கும் என்று யாரோ சொல்லப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. கல்யாணமான புதிதிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தவள். அந்தக் கூடத்தை மூடப் போகிறார்கள் என்று தெரிந்த வாரம், ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் ஒருவர் தேவை என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. மனுப் போட்டாள். நேர்காணலுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

அவள் புருஷன் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து வீட்டோடு கிடந்தான். இனி அந்த வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாததும் இந்த வேலையில்தான் இருந்தது. ஆனால் அவன் வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. கட்டிலில் சாய்ந்தபடியே மேனேஜராகி அவளைக் கேள்வி கேட்டுப் பழக்கினான்.

“உங்க பலவீனம் என்னம்மா?”

“உங்களைக் கட்டிக்கிட்டதுதான் சார்.”

“வெளிய போ. அடுத்த ஆள வரச் சொல்லு.”

சிரித்து முடிந்ததும் அவன் குரல் மாறியது. “பதில மனப்பாடம் பண்றதுல ஒண்ணும் இல்ல. அந்த இடத்துல எங்க ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போ. ஓட்டைய அடைக்கிற ஆளத்தான் எடுப்பாங்க.”

அவளுக்கும் அது சரியென்று பட்டது. மறுநாள் ஓட்டலின் பின்வாசலில் போய் நின்றாள். அழுக்குத் துணி வண்டிகள் வந்து போகிற வாசல் அது. சுவரோரம், கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய மனுஷியிடம் பேச்சுக் கொடுத்தாள். எல்லோரும் அவரை மடிப்பக்கா என்றார்கள். பல வருஷமாக அந்தப் பிரிவை மேற்பார்வை பார்த்து வருபவர் அவர்தான்.

“வேலைக்கா வந்திருக்கே? வா வா. ஒத்தாசைக்கு ஒரு ஆள் குடுங்கன்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாயே வலிச்சுப்போச்சு. இப்பதான் மனசு இறங்கியிருக்காங்க.”

விளம்பரத்தில் ஒத்தாசை என்ற பேச்சே இல்லை. அங்கே மேற்பார்வை வேலை ஒன்றே ஒன்றுதான். அதில் மடிப்பக்கா இருக்கிறார். விறைப்புக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. சொல்ல வாயெடுத்தாள்.

“ஆமாக்கா” என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் போனாள். மடிப்பக்கா தன் டீயில் பாதியை அவளுக்கு ஊற்றிக்கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொடுப்பார். எந்த மெஷின் தண்ணீரை அளவுக்கு மேல் குடிக்கும், சமையல் கட்டுத் துணியை ஏன் தனியாக ஊறவைக்க வேண்டும், மேனேஜரிடம் எப்படிப் பேச வேண்டும். “பாக்கலாம் சார்னு மட்டும் சொல்லிடாதே. அந்தாளுக்கு ஆகாது. முடியும், முடியாது, ரெண்டுல ஒண்ணு.”

ஒருநாள் குரலைத் தாழ்த்தினார்.

“உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது, நாளைக்கு என்கூட நிக்கப்போறவ. இந்த வலது கை போயிடுச்சுடி. ஈரத் துணியத் தூக்க முடியல. பொண்ணுங்கதான் எடுத்துக் குடுக்குறாங்க. பதிலுக்கு அவங்க மடிக்க வேண்டியத நான் மடிச்சிடுறேன். அவங்க வர்ற வரைக்கும் மெஷின் சும்மா நிக்கும், அவ்வளவுதான். மேல யாருக்கும் தெரியாது. நீ வந்துட்டா அந்தப் புள்ளைங்களுக்கும் பாரம் குறையும்.”

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

“அதான் நான் சொன்ன ஓட்டை” என்றான் அவன். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நேர்காணல் அறையில் மேனேஜர் கேட்டதற்கெல்லாம் பதில் தண்ணீராக வந்தது. ஒரு இடத்தில்கூட அவள் ‘பாக்கலாம்’ என்று சொல்லவில்லை. கடைசியில் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எங்க துணி மட்டும் எப்பவும் லேட்டாத்தான் வருது. மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்க என்ன நினைக்கிறீங்க?”

தண்ணீர் அழுத்தம் போதவில்லை என்று சொல்லியிருக்கலாம். வண்டிகள் குறைச்சல் என்று சொல்லியிருக்கலாம். இரண்டையும் அவள் யோசித்து வைத்துத்தான் இருந்தாள், இரண்டும் பொய்யில்லை. மேனேஜரின் கை அதற்குள் அடுத்தவரின் மனுவைப் புரட்டத் தொடங்கியிருந்தது.

“மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு. ஆள்தான் பழுது.”

கை நின்றது. வலது கையை, பெண்கள் தூக்கிக் கொடுப்பதை, பதிலுக்கு நடக்கும் மடிப்பை, சும்மா நிற்கும் மெஷினை, ஒன்று விடாமல் சொன்னாள்.

“இதெல்லாம் யார் சொன்னது?”

“அவங்களேதான் சார்.”

“நல்லா விசாரிச்சிட்டுத்தான் வந்திருக்கீங்க.” அவர் சிரித்தார். மறுநாளே வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார். “போகும்போது அந்தம்மாவ உள்ள அனுப்புங்க.”

மடிப்பக்கா வேலையைப் போட்டுவிட்டு வராந்தாவில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

“என்னடி, நான் சொன்னதெல்லாம் கேட்டாங்களா?”

“கேட்டாங்கக்கா.”

“எடுத்துக்கிட்டாங்களா?”

“ம்.”

“எனக்குத் தெரியும்டி.” இடது கையால் அவள் கன்னத்தைத் தட்டினார். “முகம் ஏன் இப்படி இருக்கு? சிரியேன்.”

“உங்கள உள்ள கூப்பிடுறாங்க.”

“என்னையா?” மடிப்பக்கா தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். “உன்னப் பத்தித்தான் கேப்பாங்க. நீ கவலப்படாதே, நல்லவிதமா சொல்றேன்.”

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.