பொறுத்திருக்கச் சொன்ன டாக்டர்

நோயாளி குணமாகிப் போன பிறகும் நோயை விடமாட்டாள் என்பது டாக்டர் அகல்யாவைப் பற்றி அவள் கணவன் சுந்தரேஷ் சொல்லும் குறை. ஏன் வந்தது, இவளுக்கு மட்டும் ஏன் வந்தது என்று சாப்பாட்டு மேஜை வரைக்கும் அதை இழுத்துக்கொண்டு வருவாள். எம்.டி. முடித்த கையோடு பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆராய்ச்சிப் பணி கிடைத்தது. மகள் குறைமாதத்தில் பிறந்ததால் அதை விட்டுவிட்டு டெல்லி மயூர் விஹாரில் சின்னதாக ஒரு கிளினிக் போட்டாள். வருஷக்கணக்காகக் காய்ச்சலும் சர்க்கரையும் பார்த்தும் அந்தக் குடைச்சல் மட்டும் அடங்கவில்லை.

ஒரு கோடையில் கால் வீங்கிய இளம்பெண்கள் இரண்டு பேர் அடுத்தடுத்து வந்தார்கள். சிறுநீரில் புரதம் கொட்டியது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லை. துருவித் துருவிக் கேட்டதில் ஒன்று பிடிபட்டது. இருவரும் ஒரே பியூட்டி பார்லரில் வாங்கிய, பெயர் ஒட்டாத டப்பாவிலிருந்து முகம் வெளுக்க ஒரு க்ரீம் பூசிக்கொண்டிருந்தார்கள். அகல்யா அதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். அதில் ஏகத்துக்குப் பாதரசம் இருந்தது. பூசுவதை நிறுத்தியதும் வேறு மருந்தில்லாமலே சில மாதங்களில் இருவருக்கும் வீக்கம் வடிந்து, புரதமும் நின்றது. அடுத்து வந்தவளும் அப்படியே தேறினாள்.

கல்லூரியில் கூடப் படித்த சங்கரநாராயணன் இப்போது ஒரு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். இதைக் கட்டுரையாக எழுதலாமா என்று அவனுக்குப் போன் செய்து கேட்டாள்.

"மூணு கேஸ்தானே அகல்யா? அதுவும் உன் கிளினிக்குக்கு எதிக்ஸ் கமிட்டி ஏது? எந்த ஜர்னல் போடும்?" என்றான் அவன். கேலி இல்லாமல் சொன்னதுதான் அதிகமாக உறைத்தது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்வப்னா வந்தாள். நொய்டாவில் ஐ.டி. வேலை, தை மாதம் கல்யாணம். அதே வீக்கம், அதே க்ரீம். சிறுநீரக நிபுணர் ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஆன்ட்டி, ஸ்டீராய்டு போட்டா மூஞ்சி ஊதிடும்ல? ஷாதி டைம்ல எப்படி?"

"க்ரீமை இன்னிக்கே நிறுத்து. கொஞ்ச வாரம் பொறுத்துப் பார்க்கலாம். வாரா வாரம் என்கிட்ட வந்து காட்டணும்."

"பக்கா, ஆன்ட்டி!" என்று அவள் துள்ளிக்கொண்டு போனாள். அவள் போன பிறகு அகல்யா நாற்காலியை விட்டு எழவில்லை. சொன்னது தப்பான யோசனை இல்லை. மூன்று பேர் அப்படித்தான் குணமாகியிருந்தார்கள். ஆனால் ஸ்டீராய்டு சாப்பிடாத நான்காவது கேஸ் தனக்கு வேண்டும் என்ற ஆசையும் அந்த வார்த்தைக்குள் இருந்தது அவளுக்குத் தெரியும்.

அடுத்த மாதம் ஸ்வப்னாவின் இடது கால் மட்டும் கல்லாக இறுகி வலித்தது. ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருந்தது. இந்த நோயில் அப்படி ஆவதுண்டு. அகல்யா தன் காரிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வார்டு வாசலில் ஸ்வப்னாவின் அம்மா ராஜலக்ஷ்மி வழிமறித்தாள்.

"பெரிய டாக்டர் மருந்து குடுத்தார். நீங்க வேண்டாம்னேள். எங்க பொண்ணை வெச்சுண்டு பரீட்சை பண்ணினேளா?"

"நான் காத்திருக்கச் சொன்னேன் மாமி. அது என் முடிவுதான்," என்றாள் அகல்யா.

ரத்தம் உறையாமலிருக்க ஊசி, கூடவே ஸ்டீராய்டு. ஸ்வப்னா பிழைத்தாள். கல்யாணம் தள்ளிப்போனது. புரதமும் நின்றது. க்ரீமை விட்டதால் நின்றதா, மருந்தாலா என்பதை இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கிழக்கு டெல்லியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் எதிக்ஸ் கமிட்டி, பழைய விவரங்களைத் தொகுத்து எழுத அனுமதி கொடுத்தது. "அந்த நாலாவது கேஸை விட்டுடு. கட்டுரை சுத்தமா நிக்கும்," என்றான் சங்கரநாராயணன். அகல்யா அதற்கு ஒப்பாமல், எழுதச் சம்மதம் கேட்க ஸ்வப்னா வீட்டுக் கதவைத் தட்டினாள். அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போன ராஜலக்ஷ்மி வெளியே வரவே இல்லை. காலில் இறுக்கமான நீளக் காலுறை போட்டுக்கொண்டு ஸ்வப்னா சோபாவில் இருந்தாள்.

"எழுதுங்க ஆன்ட்டி. ஆனா எனக்கு க்ளாட் வந்ததும் அதுல வரணும். நீங்க வெயிட் பண்ணச் சொன்னதும்."

"அதுக்குத்தான் வந்தேன்," என்றாள் அகல்யா.

சின்ன மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. காத்திருக்கச் சொன்னதும் அதன் விளைவும் ஒளிவுமறைவு இல்லாமல் அதில் இருந்தன. அதைப் படித்துவிட்டு எங்கிருந்தோ ஒரு டாக்டர் தன்னிடமும் இப்படி ஒருத்தி வந்திருப்பதாக எழுதினார். பார்லர்காரி டப்பாவை மட்டும் மாற்றி அதே க்ரீமை விற்றாள். ராஜலக்ஷ்மி குடும்பம் வேறு டாக்டரிடம் போகிறது.

இப்போது வீங்கிய காலோடு யார் வந்தாலும் அகல்யா க்ரீமைப் பற்றிக் கேட்கிறாள், நிறுத்தச் சொல்கிறாள், அன்றைக்கே நிபுணரிடமும் அனுப்பிவிடுகிறாள். காத்திருக்கச் சொல்ல நா எழுவதில்லை. க்ரீமை விட்டாலே எத்தனை பேருக்குப் போதும் என்ற கேள்வி அவளுக்குள் அப்படியே கிடக்கிறது.