கொஞ்சம் கிட்டக் காட்டுப்பா

விசா விண்ணப்பத்தில் எத்தனை பிள்ளைகள் என்று ஒரு கேள்வி. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த ஏஜெண்ட் ஆபீஸில் உட்கார்ந்து, யோசிக்காமல் "இரண்டு" என்று எழுதிவிட்டேன். ஏஜெண்ட் எட்டிப் பார்த்தார். "இன்னொரு கொழந்தையோட பாஸ்போர்ட் எங்க மேடம்?" என்றார். முதல் பெண் பிறந்த பதினோராம் நாளே போய்விட்டாள் என்றேன். "உசுரோட இருக்கறத மட்டும் எழுதுங்க மேடம். இல்லன்னா பேஜாரு" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லைதான். ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த ஃபாரத்தைக் கிழித்து அவர் மூஞ்சியிலேயே எறிந்திருப்பேன். கணவர் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டரை வயது மகன் அவர் மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். வேறு தாள் வாங்கி "ஒன்று" என்று எழுதினேன். இங்கிலாந்துக்குப் போகும் வேலையில் முதலில் செய்தது அதுதான், பெற்ற பிள்ளையைக் கணக்கிலிருந்து அடித்தது.

நான் நர்ஸ். எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. நாங்கள் கிறிஸ்தவர்கள், பாதி ஊர் எங்கள் ஆட்கள். முதல் பிரசவத்துக்கு வழக்கம்போல் அப்பா வீட்டுக்கு வந்திருந்தேன். குழந்தைக்கு இதயத்தில் கோளாறு. நர்ஸ் என்பதால் யாரும் என்னிடம் சமாதானம் சொல்லி ஏமாற்ற முடியவில்லை. சர்ச் சாமியார் வந்து சேர நேரமில்லை, ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து நானே அவள் தலையில் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தேன். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வேலையில் நான்கைந்து குழந்தைகளுக்குக் கொடுத்த கைதான். அன்றைக்கு மட்டும் தண்ணீர் அவள் காதுக்குள் போய்விட்டது. காதில் தண்ணீர் போனால் குழந்தைக்குச் சளி பிடிக்குமே என்று பதறி, துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஐயோ, நான்தான் எவ்வளவு பெரிய பைத்தியக்காரி.

அடக்கத்துக்கு என்னைக் கூட்டிப்போகவில்லை. பச்சை உடம்புக்காரி என்று படுக்க வைத்துவிட்டார்கள். நாற்பது நாள் கழித்துத்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நடுவில் பெரிய சிலுவை. அதிலிருந்து ஏரிப் பக்கமாக இருபத்தேழு அடி வைத்தால் எங்கள் பாப்பா. சின்ன மண்மேடு, தலைமாட்டில் மரச் சிலுவை. அந்தப் பக்கம் பள்ளம், குழந்தைகளை மட்டும் அங்கே வைப்பார்கள். பெரியவர்களுக்குச் சிமெண்ட் கல்லறைகள் மேட்டில் இருந்தன.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வருஷம் ஆனதும், வசதி இருந்தால், மண்மேட்டை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்துக் கல்லறை கட்டுவார்கள். அப்பாவும் செங்கல் இறக்கி, கொத்தனாரிடம் பேசிவிட்டு என்னிடம் வந்தார். நான் ஒரே கத்தாகக் கத்தினேன். "மூணு கிலோ கூட இல்லாத புள்ளப்பா அது. அது மேல கல்லையும் சிமெண்ட்டையும் ஏத்துவியா? மண்ணே பாரம்னு நான் அழுதுக்கினு இருக்கேன்." அப்பா கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டார். செங்கல் மாட்டுக்கொட்டகை ஓரமாகவே கிடந்தது. இங்கிலாந்து கிளம்பும்போது இன்னொரு தடவை கேட்டார். "கட்டிடட்டுமாம்மா? நீ போய்ட்டா..." என்று இழுத்தார். கூடாது என்றேன்.

ஆனால் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டேன். நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளன்று மேட்டைக் கூட்டி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, எனக்குப் போனில் காட்ட வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி, அவ்வளவு தூரம் நடக்கமாட்டாள். அப்பாதான். "நீ மவராசியா போய் வாம்மா, பாப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றார். திண்டிவனத்தில் அரிசிக்கடைத் தராசில் பெட்டிகளை நிறுத்தினோம். எடை கூடியதும் மல்லாட்டைப் பொட்டலத்தைத்தான் முதலில் வெளியே எடுத்தேன், வேர்க்கடலை அங்கேயும் கிடைக்கும் என்று. அப்பா அதை மறுபடியும் நைசாக உள்ளே வைத்துவிட்டார். மீனம்பாக்கத்தில் இறங்கியதும் அது தெரிந்து அவரை வைது தீர்த்தேன்.

இங்கிலாந்தில் எல்லாரும் போல நாங்களும் பட்டோம். ஒரே அறை வீடு, சுவரெல்லாம் பூஞ்சை. எவ்வளவு துடைத்தாலும் மகனின் மூக்கு ஒழுகியது. எனக்கு வேலை, கணவருக்கு அங்கே வேலை கிடைக்கும்வரை வீடும் பிள்ளையும். ஊரில் ஸ்கூல் வாத்தியாராக நிமிர்ந்து நடந்த மனுஷன், அங்கே ஒரு வருஷம் துணி மடித்தார். அதைப் பற்றி ஒருநாளும் அவர் பேசவில்லை, அதனால் நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் புலம்பினேன். வார்டில் டீ குடிக்கும்போது கூட வேலை செய்பவர்கள் கேட்பார்கள், ஒரே பையனா என்று. ஆமாம் என்பேன். சிரித்த முகமாகத்தான் சொல்வேன். சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்பேன்.

முதல் வருஷம் நவம்பரில் அப்பா வீடியோவில் வந்தார். ஊரில் விளக்கு வைக்கும் நேரம், எனக்கு மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை. வார்டில் போர்வை அடுக்கும் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மேடு வெள்ளை வெளேரென்று இருந்தது. சாமந்திப்பூ, நான்கு மெழுகுவத்தி. பின்னால் சாமியார் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. "கொஞ்சம் கிட்டக் காட்டுப்பா" என்றேன். காட்டினார். "இன்னும் கிட்ட." மண்ணின் பொருக்கு தெரியும் அளவுக்குக் குனிந்து காட்டினார். மண்ணைத் தொடுவது மாதிரி போனைத் தொட்டேன்.

அடுத்த மாதமே புயல் மழை. ஏரி உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் படம் படமாக வந்தது. இரண்டு நாள் அப்பா போன் எடுக்கவில்லை. எடுத்ததும் வீடு, மாடு, அம்மா எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். "பாப்பா?" என்றேன். லைன் விட்டுப்போச்சோ என்று ஹலோ ஹலோ என்றேன். "பத்திரமா இருக்காம்மா" என்றார்.

அடுத்த வருஷமும், அதற்கு அடுத்த வருஷமும் கல்லறைத் திருநாளில் வெள்ளை மேட்டைக் காட்டினார். இரண்டு தடவையும் கிட்டக் காட்டச் சொன்னேன். திருநாள் சனி ஞாயிறில் வந்ததால் மகனும் என் தோளில் சாய்ந்து, "ஹாய் அக்கா" என்று கையாட்டுவான். மெழுகுவத்தியை ஊதவேண்டும் என்று அடம்பிடிப்பான். அவனுக்கு அக்கா என்றால் போனுக்குள் இருக்கும் ஒரு வெள்ளை மேடு.

நாலாவது வருஷம் ஆகஸ்டில் ஊருக்குப் போனோம். காரை விட்டு இறங்கி, காபி குடித்ததும், கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினேன். "வெயிலு தாழட்டும்மா" என்றார் அப்பா. கேட்கவில்லை. "நாளைக்குப் போலாமே, களைச்சிப் போய் வந்துக்கிற" என்றார். இந்த மனுஷனுக்கு இன்னாதான் ஆச்சு என்று நினைத்தேன். மகன் முன்னால் ஓடினான். ஓடிப்போய்க் கத்தினான், "அம்மா, அக்கா இங்க இருக்கா!" போனில் பார்த்தது அப்படியே இருந்தது. மேடு, மரச் சிலுவை.

எனக்குப் பழக்கம் விடவில்லை. பெரிய சிலுவையிலிருந்து அடி வைத்து எண்ணிக்கொண்டே போனேன். இருபத்தேழாவது அடியில் வெறும் கோரைப் புல். மேடு இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி இருந்தது. எண்ணியது தப்போ என்று திரும்பிப் போய் மறுபடியும் எண்ணினேன். மறுபடியும் கோரைப் புல். சுற்றிப் பார்த்தேன். பாப்பாவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இரண்டு என்று இருந்த குட்டி மேடுகள் ஒன்றும் இல்லை. பள்ளம் முழுக்க வண்டல் படிந்து, கல்லால் தேய்த்த தரை மாதிரி சமமாகக் கிடந்தது. அப்பா உள்ளே வரவில்லை. மெழுகுவத்திப் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக் கேட் பக்கத்திலேயே நின்றார்.

"அப்பா, யாருதுப்பா இந்த மேடு?"

"யாருதும் இல்லம்மா. நான் கூட்டுனதுதான்."

வெள்ளத்தில் பள்ளத்துப் பக்கம் எல்லாம் அரித்துக்கொண்டு போய்விட்டதாம். மேட்டில் இருந்த சிமெண்ட் கல்லறைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் வடிந்ததும் ஒரு வாரம் இவர் மண்வெட்டியோடு போய்த் தேடியிருக்கிறார். எங்கே என்று தெரியவில்லை. கடைசியில் தோராயமாக ஓர் இடத்தில் மண்ணைக் கூட்டி, தச்சரிடம் சொல்லிச் சிலுவை செய்து நட்டுவிட்டார்.

நான் பேசிய பேச்சை இப்போது எழுதவே கூசுகிறது. "ரெண்டு வருசமா வெறும் மண்ணுக்கு மெழுகுவத்தி வெச்சி என்ன ஏமாத்திக்கினு இருந்தியா? நீயெல்லாம் ஒரு அப்பனா?" என்றேன். மகன் பயந்து அழுதான். அப்பா வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார், "நீ அங்க புள்ளய வெச்சிக்கினு, வேலைக்கும் போய்க்கினு, நாதியத்துக் கெடக்கற. இத்த நான் போன்ல சொன்னா நீ இன்னாம்மா பண்ணுவ?"

"எனக்கு எடம் தெரியும்ப்பா. இருவத்தேழு அடி. எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் இல்ல?" என்று அந்தக் கோரைப் புல்லில் போய் உட்கார்ந்தேன். புல்லைப் பிடுங்கினேன். இங்கேதான், இங்கேதான் என்று மண்ணைத் தட்டினேன். அப்பா பக்கத்தில் வந்து குந்தினார்.

"அந்தப் பெரிய சிலுவையும் பழைய எடத்துல இல்லம்மா. வெள்ளத்துல சாஞ்சிடுச்சி. தள்ளித்தான் புதுசா கட்டுனாங்க."

அதற்கப்புறம் நான் கத்தவில்லை. கத்துவதற்கு ஒன்றுமில்லை. இருபத்தேழு அடியை ஏழு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்தேன். அதுவும் போய்விட்டது. அவள் அந்தப் பள்ளத்தில் எங்கேயோ இருக்கிறாள், அல்லது ஏரித் தண்ணீரோடு போய்விட்டாள். உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

"நீதான கட்ட வேணாம்னு சொன்ன" என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குத் தேவலை. சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கைகால் கழுவப் போனேன். பின்கட்டில் அம்மாவுக்காகப் புதிதாகக் கட்டிய பாத்ரூம். பூசாத சுவர். அந்த மாட்டுக்கொட்டகைச் செங்கல்தான் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. முகத்தை அந்தச் சுவரில் வைத்துக்கொண்டு, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன். பதினோரு நாள் பிள்ளைக்கு எவ்வளவு செங்கல் ஆகும்? அந்தச் சுவரில் பாதிகூட ஆகியிருக்காது.

கிளம்பும் நாள் மகன் கேட்டான், அக்காவுக்கு டாட்டா சொல்லப் போகலாமா என்று. கணவர் என்னைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். போனோம். மகன் தன் சின்னக் காரை அந்த மேட்டின் மேல் வைத்துவிட்டு வந்தான்.

இந்த நவம்பரிலும் அப்பா வீடியோவில் வருவாரா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. மத்தியானம் போர்வை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வந்தது. வெள்ளை மேடு, சாமந்திப்பூ, நான்கு மெழுகுவத்தி, பக்கத்தில் மகனுடைய கார். அப்பாவின் முகம் திரையில் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. நான் பேசுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் கிட்டக் காட்டுப்பா" என்றேன்.